சுறா எண்ணெய் பூசிய லொறி

எங்கள் குசினிக் கதவு கடற்காற்றுக்கு அடித்துச் சாத்தாமலிருக்க, அதன் கீழே ஒரு இரும்புத் துண்டு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் தேய்ந்து பளபளக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் கால் தடுக்கி, "இதென்னத்துக்கு இந்தப் பழைய இரும்பு?" என்று கேட்பார்கள். பிறேக் பெடல் என்பேன். கார்ப் பெடலோ என்பார்கள். இல்லை, வெள்ளைக்காரன் சண்டைக்கென்று கொண்டுவந்த லொறியின் பெடல், அதை நான்தான் ஒரு மாரிக் காலம் முழுக்க மிதித்தேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பிறேக் நல்லதா கெட்டதா என்று என் வலது உள்ளங்கால் சொல்லும். அந்தக் காலை நம்பி மூன்று மைல் இறக்கத்திலும் லொறியை விடலாம்.

நான் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா கரைவலைக்காரர், அவருக்குப் பிறகு அண்ணனும் கரைவலைக்காரன். என் மனுசன் மட்டும் டவுன் ஆள், அன்புவழிபுரம். வெள்ளைக்காரக் கடற்படையின் வாகனக் கொட்டிலில் பிறேக் வேலை. மற்ற எந்த வேலையும் அல்ல, பிறேக் மட்டும். எங்கள் கலியாணம் பேசும்போது, "பொடியன் என்ன வேலை?" என்று கேட்ட என் பெரியம்மாவுக்கு, "ஓடுற வண்டியை நிப்பாட்டுற வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுகிற வேலையில்லையா என்று கிழவிக்குப் பெரிய மனக்குறை.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது இவருக்கு வேலை போனது. இவருக்கு மட்டுமா, டவுனில் பாதி வீட்டுக்கு. சிலர் ஊர்ப் பக்கம் போனார்கள், சிலர் கடை போட்டார்கள். இவருக்குக் கொழும்பில் ஒரு பஸ் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பங்குனி பிறக்க முதல் வந்து வேலையில் சேர வேண்டும், தங்குவதற்கு ஆம்பிளைகள் மட்டும் இருக்கிற ஒரு விடுதி, வருஷத்துக்கு இரண்டு தரம் லீவு. கலியாணமாகி மூன்று வருஷம் எங்களுக்கு. பிள்ளை இன்னும் இல்லை. இவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். என் கண் அந்தப் பையிலேயே கிடந்தது.

அப்போதுதான் அண்ணன் ஒரு கதை கொண்டுவந்தான். தளத்துச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள், அதிலே பழைய லொறிகளும் இருக்கின்றன. சல்லியிலிருந்து மீன் டவுன் ஸ்டேசனுக்கு மாட்டு வண்டியில்தான் போகும். வண்டி போய்ச் சேர ரயில் போய்விடும். மீன் கருவாடாகும். ஒரு லொறி இருந்தால் கரையில் இழுத்த மீன் அப்படியே கொழும்பு ரயிலில் ஏறும்.

"நான் என்ர வலைப் பங்கை வித்துக் காசு தாறன். நீங்கள் லொறியை ஓட வையுங்கோ மச்சான்" என்றான் அண்ணன்.

"ஓட வைக்கிறது பெரிய வேலையில்லை. நிக்க வைக்கிறதுதான் வேலை" என்றார் இவர். "பிறகு, அது பட்டாளத்து லொறி. றெஜிஸ்டர் இல்லை. வாகனப் பரிசோதகர் பார்த்துப் பாஸ் பண்ணினால்தான் றோட்டில விடலாம். பங்குனிக்கு முதல் பாஸாகேல்லையோ, நான் கொழும்புக்குப் போறன். இதில எனக்கு ரெண்டு கதை இல்லை."

இவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். மூக்குக்கு மேலே கோபம், அதற்கும் மேலே பிடிவாதம். ஆகவே அந்தக் கணமே எனக்குக் கணக்குத் தெளிவாகிவிட்டது. லொறி பாஸானால் மனுசன் வீட்டில். பாஸாகாவிட்டால் மனுசன் கொழும்பில். அண்ணன் தன் வலைப் பங்கை இன்னொருவருக்கு விற்றது லொறிக்காக மட்டும் அல்ல, தங்கச்சிக்காக என்பது எனக்குத் தெரியும். அவன் அதை ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை.

ஏலத்தில் எடுத்த லொறி வந்த வரவை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். எஞ்சின் கிடந்து இருமியது, ஆனால் ஓடியது. பிறேக் மட்டும் துளியும் இல்லை. வருஷக்கணக்காகக் கடல் ஓரத்தில் நின்று சக்கரத்துக்குள் இருந்த சிலிண்டர்கள் எல்லாம் கறளும் துருவும் பிடித்து இறுகிப்போயிருந்தன. இவர் நடை வேகத்தில் ஓட்ட, அண்ணன் ஒரு பனங்குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கூடவே நடந்து வந்தான். இவர் "போடு!" என்று கத்தினால் அண்ணன் குற்றியைச் சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டும். அதுதான் பிறேக். டவுனிலிருந்து சல்லி வரை அப்படியே வந்தார்கள். ஊர்ச் சனம் முழுக்க வேலியோரம் நின்று பார்த்தது. சாமி ஊர்வலத்துக்குக் கூட அவ்வளவு சனம் சேர்ந்ததில்லை.

மாரி தொடங்கிவிட்டது. அண்ணன் நாங்கள் குடியிருந்த சல்லி வீட்டு வளவில் தென்னோலைக் கிடுகால் ஒரு உயர்ந்த கொட்டில் போட்டுத் தந்தான். அதற்குள் லொறி, லொறிக்குக் கீழே இவர். சக்கரம் சக்கரமாகக் கழற்றினார். குழாய்கள் உளுத்திருந்தன. றப்பர் கப்புகள் ஊதிப் பிய்ந்துபோயிருந்தன. அவைதான் முக்கியம், பெடலை மிதிக்கும்போது உள்ளே இருக்கிற எண்ணெயை ஒழுகாமல் தள்ளுவது அவைதான் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தச் சாமான் எங்கேயும் இல்லை. கடைசியில் டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு கிண்ணியா ஊர் முஸ்லிம் நானாதான் தன் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்து, பவுடர் போட்டுத் தகரத்துக்குள் மூடி வைத்த கப்புகளைத் தேடி எடுத்தார். மழைக்குள் அதைத் தானே சைக்கிளில் சல்லிக்குக் கொண்டுவந்தார்.

"லொறி ஓடினா எங்கட வெங்காயம் ஒரு நடை ஏத்தித் தாங்க தம்பி, அது போதும்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு நனைந்தபடியே திரும்பிப் போனார். அந்த மனுசருக்கு நாங்கள் யார்? இன்றைக்கும் வெங்காயம் நறுக்கும்போது அவரை நினைக்காமல் விடுவதில்லை.

கப்புப் போட்டு, குழாய் மாற்றி, சக்கர டிறம்மை உரசி நிறுத்துகிற சூவுக்கு லைனிங் அடித்துப் பூட்டியதும் என் வேலை தொடங்கியது. குழாய்க்குள் காற்று நின்றால் பிறேக் பிடிக்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே சக்கரத்தில் ஒரு சிறிய திருகாணியைத் திறந்து விட்டுப் பூட்ட வேண்டும். அண்ணன் மிதித்தால் அவனுடைய பலத்துக்குக் குழாய் வெடிக்கும் என்று இவர் விடவில்லை. ஆகவே நான் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சீலையைச் செருகிக்கொண்டு, ஓட்டுகிறவரின் அந்தப் பெரிய கதிரை நுனியில் உட்கார்ந்து எக்கித்தான் மிதிக்க வேண்டும்.

கீழேயிருந்து குரல் வரும். "மிதி." மிதிப்பேன். "பிடிச்சிரு." பிடித்திருப்பேன். இவர் கீழே பிடித்திருக்கும் போத்தலுக்குள் குமிழி வெடிக்கிற சத்தம் கேட்கும். "விடு."

மிதி, பிடிச்சிரு, விடு. நாள் முழுக்க எங்களுக்குள் இந்த மூன்று சொற்கள்தான். நாலு சக்கரம், திரும்பத் திரும்ப. எங்கேயாவது ஒரு பொருத்து ஒழுகும், திரும்ப முதலிலிருந்து. முதல் கிழமை பெடல் பஞ்சுக்குள் போவதுபோலப் போனது. பிறகு பிறகு இறுகியது. ஒரு நாள் நான் மிதித்தபோது பாதி தூரத்தில் கல்லில் மிதித்தது மாதிரி நின்றது. "இஞ்சாருங்கோ, நிக்குது!" என்று கத்தினேன். எட்டிப் பார்த்தால் மனுசன் மண்ணில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. விடிய எழும்பி முற்றம் கூட்டி முடிந்ததும் லொறியில் ஏறி ஒரு தரம் மிதித்துப் பார்ப்பேன். கல்லாக நின்றால்தான் அடுப்பு மூட்டுவேன்.

பிறேக் சரி. மற்றப் பிரச்சினை நம்பர். பட்டாளத்து லொறிக்கு நம்பர் தகடு கிடையாது. பெயின்ற்றால் எழுதிய கடற்படை நம்பர் பதிவுக்குச் செல்லாது. லொறியின் அடிச்சட்டத்தில் எங்கேயோ ஒரு இடத்தில் நம்பர் வெட்டியிருக்கும். ஏலக் கடிதத்தில் இருக்கிற நம்பரும் இரும்பில் இருக்கிற நம்பரும் ஒன்றென்று பரிசோதகர் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் வருஷா வருஷம் சாம்பல் நிறப் பெயின்ற்றை மேலுக்கு மேல் பூசி இரும்பையே புதைத்து வைத்திருந்தான். இருக்க வேண்டிய இடத்தில் இவர் சுரண்டிப் பார்த்தார், இல்லை. உளியால் கொத்தவும் ஏலாது. வெட்டிய நம்பரில் ஒரு கீறல் விழுந்தாலும் களவு லொறி, நம்பரை அழித்திருக்கிறான் என்று பிடித்துக்கொள்வார்கள். உடைந்த போத்தல் ஓட்டால் அங்கங்கே பூப்போலச் சுரண்டிக்கொண்டிருந்தார். பரிசோதகர் வருகிற நாளோ மாசியில். அதற்கு அடுத்த வருகை வைகாசியில்தான்.

இனி நான் செய்த கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

பரிசோதகர் வருவதற்கு முன் இரண்டு நாள் இவர் அரசாங்கக் கச்சேரியில் பத்திரங்கள் கொடுக்க டவுனுக்குப் போய் அங்கே தன் தமக்கை வீட்டில் தங்கிவிட்டார். நான் லொறியின் அடியைக் குனிந்து பார்த்தேன். இவர் சுரண்டிய இடமெல்லாம் செம்மஞ்சளாகக் கறள் பூத்திருந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலுமா? எங்கள் பக்கத்தில் வள்ளத்தைக் கடலில் இறக்க முதல் சுறா எண்ணெய் காய்ச்சிப் பூசுவோம். மரத்துக்கும் அதுதான், நங்கூரத்துக்கும் அதுதான். பூசாமல் இறக்கினால் அது தாய் தகப்பன் இல்லாத வள்ளம் என்று சொல்வோம். பரிசோதகருக்கு முன்னால் கறள் பிடித்த லொறியைக் கொண்டுபோய் நிறுத்துவதா?

அண்ணனிடம் எண்ணெய் கேட்டேன். அவன் ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மச்சானிட்டக் கேட்டனியோ?" என்றான்.

"ஓம், கேட்டனான்" என்றேன்.

பொய். கேட்காததற்குக் காரணம், திரும்பி வந்து பார்க்கும்போது மனுசன் மகிழ வேண்டும் என்ற ஆசை. வேறொன்றுமில்லை. காய்ச்சிய எண்ணெயில் தேங்காய்ப் பொச்சைத் தோய்த்து, லொறிக்கு அடியில் படுத்து, ஒரு மூலை விடாமல் பூசினேன். சக்கரங்களின் உட்பக்கத்தில் கறள் கூட இருந்ததால் அங்கே இரண்டு கை கூடுதலாகவே வைத்தேன். றப்பருக்குத்தான் கண்ட எண்ணெயும் கூடாது என்று இவர் சொல்லியிருந்தார். அது உள்ளே பத்திரமாக மூடிக் கிடக்கிறதே என்று நினைத்தேன். லைனிங்குக்கு எந்த எண்ணெயும் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மத்தியான வெயிலுக்கு எண்ணெய் இளகி, தகட்டு இடுக்குகளால் ஒழுகி டிறம்முக்குள்ளே போய் லைனிங்கை வழுக்க வைக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? எல்லாம் முடித்துவிட்டு, வழக்கம்போல ஏறி ஒரு தரம் மிதித்துப் பார்த்தேன். கல்லாகத்தான் நின்றது. பெருமையோடு போய்த் தலைக்குச் சீயாக்காய் வைத்து முழுகினேன்.

இவர் இரண்டாம் நாள் இருட்டுப்படத்தான் வந்தார். "என்ன சுறா மணக்குது?" என்றார். சல்லியில் எது மணக்காது? விடிய வெளிச்சத்தில் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். விடியவோ அவசரம். இவர் அடியைக் குனிந்து பார்க்கவே இல்லை, ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சல்லியிலிருந்து மணல் றோட்டு. பிறேக் பிடிக்கிற வேகமே வராது. டவுன் தார் றோட்டில் ஒரு தரம் மிதித்தபோது லொறி இடப்பக்கம் இழுத்தது. இவர் நெற்றியைச் சுருக்கினார். பரிசோதகர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை. நம்பரைத் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முதல்ல பிறேக்கைப் பார்ப்பம்" என்று ஏறி இவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உவர்மலை ஏற்றத்துக்கு விடச் சொன்னார். நானும் அண்ணனும் அடிவாரத்தில் இறங்கி நின்றோம்.

லொறி மேலே போய்த் திரும்பி இறங்கியது. பாதி இறக்கத்தில் பரிசோதகர் கையைத் தூக்கியது தெரிந்தது. மிதிக்கச் சொல்கிறார். லொறி நிற்கவில்லை. என் வலது கால் தானாகவே தார் றோட்டை அழுத்தி மிதித்தது. லொறி இன்னும் வந்தது. இவர் கியரை இறக்கி, கைப் பிறேக்கை இழுத்து, றோட்டோர மண் திட்டில் ஏற்றித்தான் நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. அந்த மட்டில் அம்மாளாச்சி காப்பாற்றினாள்.

இவர் குதித்து இறங்கிச் சக்கரத்தின் உட்பக்கத்தைத் தடவி விரலை மூக்கில் வைத்தார். சூட்டுக்குச் சுறா எண்ணெய் புகைந்து றோட்டே நாறியது. எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வேறு வந்து சேர்ந்துவிட்டன.

"ஆர் பூசினது?"

எனக்கு இவருடைய சட்டைப் பைக்குள் கொழும்புக் கடிதம் துருத்திக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. அண்ணன் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு தரம்தான்.

"நான்தான் மச்சான். கறள் பிடிக்குமெண்டு பூசினனான்."

பிறகு இவர் பேசிய பேச்சை எழுத எனக்கு விருப்பமில்லை. வள்ளத்துக்கும் லொறிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு கூட்டுச் சேர்ந்த தனக்குத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். கடலோடு நின்றிருக்க வேண்டியதுதானே என்றார். போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. என்னிலும் எட்டு வயது மூத்தவன், தன் வலைப் பங்கைக் கொடுத்தவன், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். நான் சீலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற ஒரு நேரம் இருக்கிறதென்றால் அது அந்த நேரம்தான்.

பரிசோதகர் கடைசியில், "சண்டையை வீட்டில வையுங்கோ" என்றார். "நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் வாடிவீட்டில தங்கியிருப்பன். பிறேக்கும் வேணும், நம்பரும் வேணும். ஒண்டு இருந்து ஒண்டு இல்லாட்டி வராதேங்கோ."

திரும்பி வரும்போது கைப் பிறேக்கை நம்பி நடை வேகம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அண்ணன் மறுபடியும் ஒரு குற்றியோடு நடந்து வந்தான். நான் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இவர் லொறியில் ஏறிக் கீழே குனிந்து பெடலைப் பார்த்தவர், பிறகு சல்லி வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். கொழும்புக்குப் போகும்போது என்ன உடுப்பு வைத்துக் கட்டுவது என்று யோசித்தேன்.

வந்ததும் இவர் சக்கரங்களைக் கழற்றினார். எண்ணெய் ஊறிய லைனிங்குகளைப் பெற்றோலில் கழுவி, வெளியே மணலில் வைத்துப் பற்ற வைத்தார். எண்ணெய் கொதித்து மேலே வந்து எரிந்தது. ஆறியதும் அரத்தால் தேய்த்தார், திரும்பவும் எரித்தார். "அடிச்சட்டத்தில கிடக்கிற எண்ணெய் போகாட்டித் திரும்பவும் ஒழுகும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அண்ணன் தூரத்தில் நின்றவன் மெல்லச் சொன்னான். "பழைய எண்ணெய் உரிக்க எங்கட ஆக்களிட்ட மருந்து கிடக்கு. சாம்பலும் சுண்ணாம்பும்."

வள்ளத்துக்குப் புது எண்ணெய் வைக்க முதல் பழையதை உரிக்க, அடுப்புச் சாம்பலைச் சுண்ணாம்போடு கொதிக்க வைத்துத் தெளிய விட்ட தண்ணீரால் தேய்ப்பது எங்கள் வழக்கம். அண்ணன் வீடு வீடாகப் போனான். என்ன சொன்னானோ தெரியாது, பொழுதுபடுவதற்குள் சல்லிப் பெண்கள் சுளகிலும் கடகத்திலும் தங்கள் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி, மறுநாள் சட்டி மினுக்கவும் மிச்சம் வைக்காமல் கொண்டுவந்தேன் என்றாள். "உன்ர அண்ணன் செய்த வேலைக்கு நாங்கள் சட்டியைக் கரியோட வைக்கிறம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே கசந்தது.

விடியத் தொடங்கியதும் நான் லொறிக்கு அடியில் போய்விட்டேன். வேறு ஒருவரையும் விடவில்லை. அந்தத் தண்ணீர் கையைத் தின்றது. விரலிடுக்கெல்லாம் எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தேன். எண்ணெய் போனது. எண்ணெயோடு சேர்ந்து, நான் எதிர்பாராத ஒன்றும் போனது. வெள்ளைக்காரனின் சாம்பல் நிறப் பெயின்ற் அவித்த கிழங்கின் தோல் மாதிரிக் கழன்று கழன்று வந்தது. இடப்பக்க முன் சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்தின் உட்பக்கத்தில் தேய்க்கும்போது விரலில் ஏதோ நெருடியது. சீலைத் தலைப்பால் துடைத்தேன். முதலில் ஒரு ஏழு. பிறகு ஒரு பூச்சியம்.

நான் போட்ட சத்தத்துக்கு இவர் ஏலக் கடிதத்தோடு ஊர்ந்து உள்ளே வந்தார். இரண்டு பேரும் அருகருகே மல்லாந்து கிடந்தோம். இவர் கடிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் இரும்பில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டேன். ஒன்றும் பிசகவில்லை. நான் விம்மி அழுதுவிட்டேன். இவர் தன் புறங்கையால் என் முகத்தைத் துடைத்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன். லொறிக்கு வெளியே அண்ணனின் இரண்டு பெரிய பாதங்கள் வந்து நின்றன. "கிடைச்சுதோ?" என்று அந்தக் குரல் கேட்டது. என் வாய் மூடிக்கொண்டது.

சக்கரங்களைப் பூட்டினார்கள். நான் ஏறி மிதித்தேன். கல். உவர்மலை இறக்கத்தில் பரிசோதகர் கையைத் தூக்கிய இடத்திலேயே லொறி நின்றது. நின்ற வேகத்தில் அவருடைய தொப்பி கண்ணாடியில் போய் விழுந்தது. நம்பரைக் குனிந்து பார்த்தார், ஏலக் கடிதத்தைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். "மணத்துக்கு மட்டும் சட்டத்தில இடமில்லை" என்றார். அது பகிடி என்று எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

பங்குனியில் மீன் ரயிலேறியது. இவர் கொழும்புக்குப் போகவில்லை. நானாவின் வெங்காயம் ஒரு நடை என்ன, இருபது நடை ஏறியது. எனக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அண்ணனுக்கு மட்டும் சுறா எண்ணெய் என்று பெயர் நிலைத்துவிட்டது. கலியாண வீடு, செத்த வீடு, எங்கே போனாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் பிள்ளைகளே அவனைச் சுறா மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தரமும் எனக்கு நெஞ்சில் முள் தைக்கும். நான் ஒவ்வொரு தரமும் பேசாமல் இருந்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய லொறியைக் கடைசியில் இரும்புக்குக் கொடுத்த அன்று, இவர் பெடலை மட்டும் கழற்றி எடுத்து என் மடியில் வைத்தார். "இது உன்ர" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க ஏலவில்லை. "அண்டைக்கு எண்ணெய் பூசினது அண்ணை இல்லை. நான்" என்றேன்.

"தெரியும்" என்றார் இவர்.

அன்று திரும்ப லொறியில் ஏறியபோது பெடலில் சுறா எண்ணெய் காய்ந்து ஒரு சின்னக் கால் பதிந்திருந்ததாம். பெருவிரல், அதற்குப் பக்கத்தில் மெட்டி போட்ட விரல். காலையில் அவசரத்தில் கண்ணில் படவில்லையாம். "உன்ர அண்ணைக்கு மெட்டி இல்லையே" என்றார். அன்று பின்னேரம் அண்ணன் சாம்பல் சேர்க்கப் போனபோது பின்னாலேயே போய், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அண்ணன்தான் சொல்லாதேங்கோ என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். தெரிந்தால் அவள் இனி அந்தப் பெடலில் கால் வைக்கமாட்டாள் என்றானாம்.

"அந்தக் கொழும்புக் கடிதம்?" என்றேன்.

"அண்டைக்கே கிழிச்சுக் கடலில போட்டிட்டன். அந்தக் காலடியைப் பார்த்தாப் பிறகு எங்க போறது?"

"அப்ப லொறி பாஸாகாட்டியும்…?"

"போயிருக்க மாட்டன்."

"கை பொத்துப்போகத் தேய்ச்சனானே! முதலே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ அப்பிடித் தேய்ச்சிருப்பியே?" என்றார் இவர். அந்த மனுசனை அந்தப் பெடலாலேயே அடிக்கலாமா என்று நினைத்தேன்.

அன்றே அண்ணனைத் தேடிப் போனேன். கடற்கரையில் வலை வைக்கிற வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லப்போகிறேன், இத்தனை வருஷம் என்னால் உனக்குக் கெட்ட பெயர் என்று அழுதேன். அவன் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு முழுக்கக் கேட்டான். பிறகு ஊசியை எடுத்தான்.

"சும்மா இரு. அந்தப் பேரைச் சொன்னாத்தான் இப்ப கொழும்பு முதலாளிமாருக்கும் என்னைத் தெரியும். இப்ப வந்து அதைப் பறிக்காத" என்றான். திரும்ப வலையில் கை வைத்தவன், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"மச்சான் கொழும்புக்குப் போகேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

"பிறகென்ன" என்றான், வலையின் அடுத்த கண்ணைக் கோர்க்கத் தொடங்கினான்.